பெரிய கோயில் வாசலில் 384 பேர்: சுற்றுலா ஆய்வுப் படிப்பு குறித்து வாசகர் கேள்வி-பதில்

சுற்றுலாச் சந்தைப்படுத்தலையும் டிஜிட்டல் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படித்து, அதிலேயே ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

எம்.பி.ஏ. சுற்றுலாவில் 62 சதவீதம். நான்கு ஆண்டுகளாக ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தின் இணைய விளம்பரங்களைக் கவனிக்கிறேன். வயது 32. கல்லூரி ஆசிரியராக வேண்டும். நெட் எழுதுவதா, பிஎச்.டி. சேருவதா?
*– வாசகி, மதுரை*

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் ஒன்றே இப்போது இரண்டுக்கும் வாசலாகும். 2024 ஜூனிலிருந்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் முடிவு மூன்று தட்டுகளாக வருகிறது. மேல்தட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதியும் கிடைக்கும். நடுத்தட்டில் உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும். மூன்றாவது தட்டில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி. கீழ் இரண்டு தட்டுகளில் வருபவர்களுக்குச் சேர்க்கையின்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டியதுதான்.

உங்கள் பாடக் குறியீடு 93, சுற்றுலா நிர்வாகமும் மேலாண்மையும். 'மார்க்கெட்டிங்தானே' என்று 17ஆம் எண்ணான மேலாண்மைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே நிதி, மனிதவளம், உற்பத்தி எல்லாம் படிக்க வேண்டும். போட்டியும் பல மடங்கு. பட்டத்தில் சுற்றுலா என்று இருக்கும்போது 93தான் பொருத்தம். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, கேள்விக்கு 2 மதிப்பெண், மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருப்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வயதே இல்லை. வேலையை விடாமல் பகுதி நேர பிஎச்.டி.யும் செய்யலாம், நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆனால் உதவித்தொகை முழு நேர ஆய்வாளருக்குத்தான்.

யு.ஜி.சி. ஊதிய நிலை 10இல் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. சுயநிதிக் கல்லூரிகளில் இதை எதிர்பார்க்காதீர்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வுதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனாலும் சுற்றுலாவுக்கென்று வரும் பணியிடங்கள் குறைவு என்பதால், பட்டியலைச் சுருக்கும்போது பிஎச்.டி. உள்ளவர்தான் முந்துவார். பல கல்லூரிகளில் சுற்றுலாப் பாடம் வரலாறு, வணிகவியல் துறைகளோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறது. விளம்பரத்தில் 'தொடர்புடைய பாடம்' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை வரி வரியாகப் படியுங்கள்.

இன்னொன்று. நீங்கள் நடத்திய விளம்பரங்களின் தரவு உங்கள் ஆய்வுக்குத் தங்கம். எந்த விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்ற கணக்கு வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு லேசில் கிடைக்காது. ஆனால் அது நிறுவனத்தின் சொத்து. வேலையில் இருக்கும்போதே, வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் நீக்கிய வடிவில் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு கேட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

'சுற்றுலாப் பயணிகள் மீது சமூக ஊடகங்களின் தாக்கம்: தஞ்சாவூர் மாவட்டம் – ஓர் ஆய்வு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். 384 பேரிடம் வினாப்பட்டியல் வாங்கப் போகிறேன். சரியாக வருமா?
*– ஆய்வு மாணவர், கும்பகோணம்*

தலைப்பில் ஊரின் பெயரை மாற்றினால் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். அதுதான் கோளாறு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் இதே சொற்களைத் தட்டிப் பாருங்கள், உங்களுக்கு முன் எத்தனை பேர் இந்த வழியில் போயிருக்கிறார்கள் என்று தெரியும்.

எந்த ஊடகம், யாருடைய, எந்த முடிவை மாற்றுகிறது என்று கேளுங்கள். உங்கள் பக்கத்திலேயே நல்ல கேள்வி கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களும் அதோடு சேர்க்கப்பட்டு மூன்றும் ஒரே மரபுச் சின்னமாயின. ஆனால் தஞ்சைக்கு வருகிறவர் எல்லாம் மற்ற இரண்டுக்கும் போவதில்லை. பெரிய கோயிலோடு திரும்புகிறவரை, கைப்பேசியில் பார்க்கும் ஒரு படமோ அரை நிமிட ரீல்ஸோ தாராசுரம் வரை இழுக்குமா? எந்த மாதிரிப் படம் இழுக்கும், கல் தேரா, காலியான பிராகாரமா, வழிகாட்டி பேசும் காட்சியா? இது ஒரு ஆய்வு. 'தாக்கம்' என்பது ஆய்வு அல்ல.

அடுத்து 384. கிரெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் மிகப் பெரிய மக்கள்தொகைக்கு வரும் எண் அது. 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை என்ற கணக்கு. ஆனால் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கப்பட சம வாய்ப்புள்ள சீரற்ற மாதிரிக்குத்தான் அது செல்லும். ஞாயிற்றுக்கிழமை மாலை கோபுர வாசலில் நின்று, நிற்க நேரம் உள்ளவர்களைப் பிடித்து நிரப்பிய 384, அந்த எண்ணுக்கு உரிய மதிப்பைத் தராது. வயதானவர்கள், குழந்தையோடு வருபவர்கள், பஸ்ஸுக்கு அவசரமாகப் போகிறவர்கள் தப்பிவிடுவார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கும் இளைஞர்கள்தான் மாட்டுவார்கள். பிறகு 'பயணிகளில் பெரும்பாலோர் இன்ஸ்டாகிராம் பயன்படுத்துகிறார்கள்' என்று முடிவு வந்தால் ஆச்சரியம் என்ன? வார நாள், வார இறுதி, பிரதோஷம் என்று நாளைப் பிரித்து, காலை மாலை என்று நேரத்தைப் பிரித்து, வாசலைக் கடக்கும் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் கேளுங்கள். மறுத்தவர்களையும் எண்ணி எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வாசலில் நிற்பவர் ஏற்கெனவே வந்துவிட்டவர். பதிவைப் பார்த்தும் வராதவர் உங்கள் மாதிரியில் இல்லவே இல்லை. அப்படியிருக்க, பதிவு அவரை வரவழைத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதனால் ஒரு சிறு சோதனையைச் சேருங்கள். பெரிய கோயில் பார்க்க வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தாராசுரத்தின் ஒரு வகைப் படம், மறு பாதிக்கு இன்னொரு வகை. போகும் எண்ணத்தை உடனே கேளுங்கள், உண்மையில் போனார்களா என்று இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் கேளுங்கள். எண்ணத்துக்கும் போனதற்கும் நடுவில் விழும் இடைவெளியை ஆய்வேட்டின் நடுநாயகமாக வைக்கலாம்.

முதலில் 30 பேரிடம் முன்சோதனை. 'நான் அடிக்கடி பயணம் சார்ந்த உள்ளடக்கங்களை நுகர்கிறேன்' என்று எழுதி வைத்தால் பதில் சொல்பவர் விழிப்பார். 'போன வாரம் ஏதாவது ஊரைப் பற்றி வீடியோ பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். அனுமதி விஷயத்திலும் கவனம். பெரிய கோயிலைப் பராமரிப்பது இந்தியத் தொல்லியல் துறை, நிர்வாகம் அரண்மனை தேவஸ்தானம். இரண்டு இடத்திலும் கடிதம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கோயில்களுக்கும் மலை ஊர்களுக்கும் கூகுள் மேப்ஸில் வந்திருக்கும் விமர்சனங்களை எடுத்து, மக்கள் மனநிலையை மென்பொருள் வைத்து அளக்க விரும்புகிறேன். எங்கே சறுக்கும்?
*– வாசகர், கோயம்புத்தூர்*

எடுக்கும் இடத்திலேயே சறுக்கும். கூகுளின் அதிகாரப்பூர்வ வழியில் ஓர் இடத்துக்கு ஐந்து விமர்சனங்கள்தான் தருவார்கள். தானியங்கி நிரல் வைத்து மொத்தமாக வழிப்பது அவர்களுடைய விதிகளுக்கு விரோதம். நெறிமுறைக் குழுவிலும் நல்ல இதழ்களிலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். என்ன எடுத்தாலும் எழுதியவர் பெயரை உடனே நீக்குங்கள். வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் கருத்து மாறாமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

பிறகு நம் மொழி. ஒரு வாசகம் பாராட்டா குறையா என்று கணக்கிட ஆங்கிலத்துக்குச் செய்த வேடர் (VADER) போன்ற கருவிகள் நம்மவர் எழுத்தில் திணறும். உதாரணத்துக்கு நான்கு வரிகள்:

'கூட்டமே இல்லை, நிம்மதி.' இல்லை என்ற சொல்லைப் பார்த்து மென்பொருள் குறை என்று போடும். இது பாராட்டு.
'சும்மா சொல்லக்கூடாது, சுத்தமா வெச்சிருக்காங்க.' இதிலும் எதிர்மறைச் சொல் வருகிறது, பாராட்டுதான்.
'தரிசனம் செம, பார்க்கிங்தான் கொடுமை.' ஒரே வரியில் இரண்டு விஷயம், இரண்டு மனநிலை. சராசரி எடுத்தால் நடுநிலை என்று வரும். எழுதியவர் நடுநிலையாகவே இல்லை.
'செருப்புக்கு 20 ரூபாய். அருமையான வசூல்!' இது நக்கல் என்று எந்த மென்பொருள் சொல்லும்?

இவற்றில் பாதி ஆங்கில எழுத்தில் தமிழாக வரும், ஒரே சொல்லுக்கு நாலு விதமான எழுத்துக்கூட்டல். தமிழும் ஆங்கிலமும் கலந்த பொதுத் தரவுத் தொகுப்புகள் இருக்கின்றன. 2020இல் வெளியான ஒன்றில் 15,000க்கும் மேற்பட்ட யூடியூப் கருத்துகள் உண்டு. ஆனால் அவை சினிமாவைப் பற்றியவை. 'மரண மாஸ்' என்பதைக் கற்ற மென்பொருளுக்கு 'பிரசாத வரிசை' புரியாது.

ஆகவே குறைந்தது 1,000 விமர்சனங்களையாவது மனிதர்கள் படித்துக் குறியிட வேண்டும். தரிசனம், கூட்டம், கழிப்பறை, பார்க்கிங், கட்டணம் என்று விஷயவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மனநிலை. இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் குறியிட்டு, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கோஹன் கப்பா என்ற அளவைக் கணக்கிடுங்கள். 0.6க்குக் கீழே வந்தால் குறியிடுபவர்களைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் வழிகாட்டுக் குறிப்புதான் தெளிவில்லாமல் இருக்கும். 'கூட்டம் அதிகம்' என்பது திருவிழாவில் குறையா பெருமையா என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அப்புறம்தான் மென்பொருள்.

கட்டுரையைப் பத்து நாளில் வெளியிடுவதாக மின்னஞ்சல் வருகிறது, கட்டணம் கேட்கிறார்கள். யு.ஜி.சி. கேர் பட்டியலில் இருப்பதாகவும் சொல்கிறார்கள். நம்பலாமா?
*– வாசகி, திருநெல்வேலி*

கூடாது. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று தொகுத்துவந்த கேர் பட்டியலையே யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழ் ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று ஸ்கோபஸ் தளத்திலேயே பாருங்கள், இதழின் முகப்பில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள். உண்மையான இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. உங்கள் துறைக்கு 'டூரிசம் மேனேஜ்மென்ட்', 'ஜர்னல் ஆஃப் டிராவல் ரிசர்ச்', 'இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி அண்ட் டூரிசம்' ஆகியவற்றைத் தொடர்ந்து படியுங்கள். கட்டணமின்றி வெளியிடும் வழி இவற்றில் உண்டு. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அரசுக் கல்வி நிறுவனத்தில் இருந்தால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏராளமான இதழ்களைப் படிக்கலாம், நூலகரைக் கேளுங்கள். 2022 விதிகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ட்ரெண்ட்ஸில் ஊட்டிக்கு 100, கொடைக்கானலுக்கு 60 வருகிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் அதிகம் என்று எழுதலாமா?
*– எம்.ஏ. மாணவர், திண்டுக்கல்*

எழுதக்கூடாது. கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டுவது ஒரு சொல் கூகுளில் எவ்வளவு தேடப்படுகிறது என்பதைத்தான், அந்த 100 ஆட்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில், நீங்கள் ஒப்பிட்ட சொற்களுக்குள், தேடல் உச்சத்தைத் தொட்ட புள்ளி. மூன்றாவதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லா எண்ணும் மாறலாம். ஊட்டி, உதகை, உதகமண்டலம், ஆங்கிலத்தில் ஊட்டி என்று மக்கள் பல விதமாகத் தேடுகிறார்கள். அதனால் 'தேடல் சொல்'லை விட, இந்தப் பல வடிவங்களையும் ஒன்றாகச் சேர்க்கும் 'தலைப்பு' (டாபிக்) என்ற தெரிவு மேல். அது ஒரு மாதிரியிலிருந்து கணக்கிடும் எண் என்பதால் வேறு வேறு நாட்களில் நாலைந்து முறை இறக்கிச் சராசரி எடுங்கள்.

தேடுவதெல்லாம் ஆசையும் அல்ல. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அந்த மே மாதத் தேடலில் இ-பாஸ் எப்படி எடுப்பது என்று தேடியவர்களும் கலந்திருப்பார்கள். 'தொடர்புடைய தேடல்கள்' பகுதியைத் திறந்து அதைக் கழிக்காமல், கோடு ஏறியதை மட்டும் பார்த்து இ-பாஸ் வந்ததால் ஆர்வம் கூடியது என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.