உலக சினிமாவைப் பகுப்பாய்வு செய்ய எந்தக் கோட்பாட்டிலிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர், பிரெஞ்சு, ஜப்பானிய, ஈரானியப் படங்களைத் தேடிப் பார்ப்பதாகவும், பார்த்து முடித்த பின் "நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் எழுத வரவில்லை என்றும், எந்தக் கோட்பாட்டை முதலில் படித்தால் இந்தத் தடை நீங்கும் என்றும் கேட்டிருக்கிறார். நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் வெள்ளைத் துணி கட்டி, பத்துப் பதினைந்து பேர் கூடிப் படம் பார்த்துப் பேசுகிறோம். அங்கே கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்வதானால், கோட்பாட்டை முதலில் படிப்பதால் அந்தத் தடை கூடுமே தவிரக் குறையாது. ஒவ்வொரு கோட்பாடும் குறிப்பிட்ட சில படங்களை எதிரே வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. அத்தாங்கு என்னும் கைவலையில் இறால் படும், கொடுவா மீன் படாது. வாவியில் இறங்குகிறவன் எதைப் பிடிக்கப் போகிறான் என்று தெரிந்த பிறகுதான் வலையை எடுக்கிறான்.

ஆகவே முதல் வேலை விவரிப்பு. திரையில் என்ன தெரிந்தது, என்ன கேட்டது என்பதை, அதன் பொருளைச் சொல்லாமல் எழுதிப் பார்ப்பது. இது எளிது போலத் தோன்றினாலும் எங்கள் கூட்டத்தில் படித்தவர்களுக்குத்தான் மிகவும் கடினமாக இருந்தது. அவர்கள் காகத்தைக் கண்டவுடன் மரணக் குறியீடு என்று எழுதிவிடுவார்கள், காகம் சட்டகத்தின் எந்த மூலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். சத்யஜித் ராயின் "பதேர் பாஞ்சாலி" (1955) படத்தில், வெளியூரிலிருந்து திரும்பிய ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறான். சர்வஜயா அந்தச் சேலையைப் பற்றிக்கொண்டு உடைந்து அழுகிறாள். ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் நரம்பு வாத்தியத்தின் உச்ச ஒலியே எழுகிறது. இந்தக் காட்சி முடிந்ததும் நான் எல்லாரிடமும் எழுதித் தரச் சொன்னேன். பாதிப் பேர் "தாய் கதறி அழுதாள்" என்று எழுதியிருந்தார்கள். எழுதாமல் இருந்த என் பெரியம்மாவிடம், அழுகைச் சத்தமே படத்தில் இல்லை என்று சொன்னபோது, "அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்டதுதானே, மனே" என்றார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காது அது. நீக்கப்பட்ட ஒலியைப் பார்வையாளரே இட்டு நிரப்புகிறார் என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். படத்தில் ஒலியும் உருவமும் ஒன்றையொன்று எப்படி மாற்றிவிடுகின்றன என்பதை பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் மிஷெல் ஷியோன் 1990இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். பெரியம்மாவின் பதிலைக் கேட்ட பிறகு அந்த நூலைப் படித்தவர்களுக்கு அது உடனே பிடிபட்டது.

இரண்டாவது வேலை எண்ணுவது. ஏதேனும் பத்து நிமிடத்தை எடுத்து, ஒரு ஷொட் முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் தாளில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு வெட்டுகளுக்கு இடையே தொடர்ந்து ஓடும் படத்துண்டே ஷொட். அறுநூறு விநாடியை ஷொட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷொட் நீளம் கிடைக்கும். ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் "வெர்க்மைஸ்டர் ஹார்மனிஸ்" (2000) 145 நிமிடப் படம், ஷொட்டுகளோ 39; அதாவது ஒன்றுக்கு மூன்றே முக்கால் நிமிடம் அளவில் வருகிறது. அலெக்ஸாண்டர் சொகுரோவின் "ரஷ்யன் ஆர்க்" (2002) முழுவதும் ஒரே ஷொட். எண் தன்னளவில் ஒன்றும் சொல்லாதுதான். ஆனால் எண்ணியவர், வெட்டு எங்கே விழுந்தது, ஏன் அங்கே விழுந்தது, ஏன் இன்னும் ஐந்து விநாடி கழித்து விழவில்லை என்று கேட்கத் தொடங்குவார்.

இந்தக் கேள்வி வந்த பிறகு படத்தொகுப்பு பற்றிய பழைய வாதம் தானாகவே பொருள்படும். 1920களில் சோவியத் இயக்குநர்கள், பொருள் ஒரு ஷொட்டில் இல்லை, இரண்டு ஷொட் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது என்றார்கள். நடிகர் மொஸ்ஜூகினின் அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கும், ஒரு சவப்பெட்டிக்கும், ஒரு பெண்ணுக்கும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டியபோது பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்பது லெவ் குலெஷோவின் பெயரால் வழங்கும் சோதனை. (அந்தப் படச்சுருள் இன்று இல்லை, விவரமும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. இருந்தாலும் கைத்தொலைபேசியில் நீங்களே செய்து பார்க்கலாம், நாங்கள் செய்தோம்.) அந்த இயக்குநர்களுள் ஒருவரான ஐசன்ஸ்டைன் "போர்க்கப்பல் பொத்தெம்கின்" (1925) படத்தின் ஒடெஸா படிக்கட்டுக் காட்சியில் இந்த மோதலையே இலக்கணமாக்கினார். இதற்கு நேரெதிராக, 1951இல் தொடங்கிய "கையே து சினிமா" என்ற பிரெஞ்சுத் திரைப்பட இதழின் நிறுவனர்களுள் ஒருவரான ஆந்திரே பஸான், வெட்டாமல் விடப்பட்ட நீண்ட ஷொட்டிலும், கிட்ட இருப்பதும் தூர இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் ஆழமான குவியத்திலும் பார்வையாளரின் கண்ணுக்குச் சுதந்திரம் இருக்கிறது என்றார். அவருக்கு முன்னால் இருந்தவை "சைக்கிள் திருடர்கள்" (1948) போன்ற போருக்குப் பிந்திய இத்தாலியப் படங்கள். புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவில் ஒரு தேவை, இடிபாடுகளுக்கிடையே நின்ற இத்தாலியில் வேறொரு தேவை. இரண்டில் எது சரி என்று கேட்பதை விட, நாம் பார்க்கும் படம் எந்தத் தேவையிலிருந்து பேசுகிறது என்று கேட்பது பயன்தரும்.

என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யசுஜிரோ ஓசுவின் "டோக்கியோ கதை" (1953) பற்றி ஒரு சிறு சஞ்சிகைக்கு எழுதியபோது, கமரா தாழ்வாக இருப்பதற்குக் காரணம் அது பாயில் அமர்ந்திருக்கும் ஜப்பானியரின் பார்வை என்று உறுதியாக எழுதினேன். பன்பாயில் இருந்து சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்த விளக்கம் மிகவும் உவப்பாக இருந்தது. உவப்பாக இருந்ததாலேயே சரிபார்க்கவில்லை. பிறகு அமெரிக்கத் திரைப்பட அறிஞர் டேவிட் போர்ட்வெல் 1988இல் ஓசு பற்றி எழுதிய நூலைப் படித்தபோதுதான், கதிரை மேசை போட்ட அலுவலகத்திலும் தெருவிலும்கூட அவருடைய கமரா அதே தாழ்வில் இருக்கிறது என்பதும், பாயில் இருப்பவரின் கண்மட்டத்தை விடவும் அது தாழ்வு என்பதும் உறைத்தது. திரும்பப் படத்தைப் போட்டுப் பார்த்தேன்; கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. பண்பாட்டைக் காரணம் காட்டி உருவத்தை விளக்கிவிடுவது, அயல்நாட்டுப் படம் பார்க்கிறவர்களுக்கு நேரும் மிகப் பொதுவான வழுக்கல் என்று இப்போது நினைக்கிறேன். எவ்வளவு மரியாதையோடு செய்தாலும் அது அந்தக் கலைஞனின் தெரிவை அவனிடமிருந்து பறித்து "அவர்கள் வழக்கம்" என்ற கணக்கில் எழுதிவிடுகிறது.

ஓசுவிடம் எங்கள் ஊர்க் கண் உதவிய இடமும் உண்டு. உரையாடும் இருவருக்கிடையே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கமரா அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது ஹொலிவூட் வழியாக உலகெங்கும் பரவிய விதி. ஓசு அந்தக் கோட்டைச் சர்வசாதாரணமாகக் கடப்பார். அவருக்கு இடம் என்பது முழு வட்டம். திரைப்பட நூல்கள் இதை ஒரு மீறலாக விளக்கும். வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் எங்கள் ஊர் மரபான வடமோடிக் கூத்துப் பார்த்த மாணவி ஒருத்திக்கு இதில் மீறல் எதுவும் தெரியவில்லை. "களரியில் நாலு பக்கமும் சனம் இருந்தால் கூத்தர் எல்லாப் பக்கமும் திரும்பித்தானே ஆட வேண்டும், சேர்" என்றாள். இதனால் ஓசுவுக்கும் கூத்துக்கும் உறவு உண்டு என்று ஆகிவிடாது. ஒரு பக்கப் பார்வை இயல்பு, மற்றது விலகல் என்ற அனுமானம், பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் படச்சட்ட மேடையிலிருந்து வந்தது என்பதை அந்தப் பதில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதே போலத்தான் பெண்ணியப் பகுப்பாய்விலும். பிரித்தானியத் திரைக் கோட்பாட்டாளர் லோரா மல்வி 1975இல் "ஸ்கிரீன்" இதழில் எழுதிய கட்டுரை, கமராவும் நாயகனும் பார்வையாளரும் ஒரே ஆண் பார்வையில் இணைந்து பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக்குவதை விளக்குகிறது. அதன் சான்றுகள் ஹிட்ச்கொக், ஸ்டெர்ன்பர்க் போன்றோரின் ஹொலிவூட் படங்கள். தமிழ்ப் படத்தின் ஆடற்பாட்டுக்கு அதைப் பொருத்தினால் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் அந்தப் படங்களில் நாயகனும் பார்க்கப்படுவதற்காகவே வருகிறான்: கால், கை, முதுகு, பிறகு முகம், பிறகு பாட்டு. கூத்தில் கட்டியகாரன் அரசனின் வருகையை அறிவித்து, மத்தளமும் சல்லரியும் முழங்க வரவுப் பாட்டும் தாளக்கட்டும் முடிந்த பின்னரே பாத்திரம் கதைக்குள் கால் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. நேர்முகமாக நின்று தரிசனம் தரும் இந்த முறையைப் பற்றி ஆய்வாளர்கள் கீதா கபூரும் ரவி வாசுதேவனும் இந்தியப் படங்களை முன்வைத்து எழுதியிருக்கிறார்கள். மல்வியை விட்டுவிட வேண்டியதில்லை; இவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இயக்குநரே படைப்பாளி என்ற கோட்பாட்டை, பிரெஞ்சு விமர்சகர் த்ரூஃபோவின் 1954ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸின் 1962ஆம் ஆண்டுக் கட்டுரையையும் படித்து ஒரு வாரத்தில் கடந்துவிடலாம். உளப்பகுப்பாய்வில் எனக்குப் பொறுமை இல்லை. இலத்தீன் அமெரிக்காவின் "மூன்றாம் சினிமா" அறிக்கை (1969, சொலானாஸ், கெத்தினோ) எங்களைப் போன்ற இடங்களில் கட்டாயம் வாசிக்கப்பட வேண்டியது. திரையிடலையே ஒரு செயலாக, படத்தை நிறுத்திப் பேசுவதற்கான சாக்காகக் கருதியவர்கள் அவர்கள்.

கடைசியாக, பார்ப்பவர் யார் என்ற கேள்வி. ஒரே செய்தியை ஒருவர் அனுப்பியவர் எண்ணியபடியே ஏற்கலாம், சிலதை ஏற்றுச் சிலதைத் தள்ளலாம், முற்றாக எதிர்த்தும் வாசிக்கலாம் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹோல் 1973இல் தொலைக்காட்சியை வைத்து எழுதினார். இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகேயின் "புரஹந்த களுவர" (1997) என்ற சிங்களப் படத்தைத் திரையிட்ட மாலை, நான் அதன் உருவத்தைப் பற்றி மட்டும் பேசத் தயாராகியிருந்தேன்: அசையாத அகன்ற ஷொட்டுகள், வறண்ட நிலம், குறைந்த வசனம், பார்வையற்ற தந்தையாக ஜோ அபேவிக்கிரம. போர்முனையிலிருந்து முத்திரையிட்ட பெட்டியில் வந்த மகன் இறந்துவிட்டான் என்பதை அந்தச் சிங்களக் கிராமத்துத் தந்தை நம்ப மறுக்கிறார். படத்தை அரசு 2000இல் தடுத்ததையும் உச்ச நீதிமன்றம் வழியாக அது வெளிவந்ததையும் சொல்லி, அரசு எதற்கு அஞ்சியது என்ற திசையில் உரையாடலைக் கொண்டுபோக எண்ணியிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அவருக்குப் பெட்டியாவது வந்தது" என்றார்.

அது ஏற்பா, எதிர்ப்பா, இரண்டுக்கும் நடுவா என்று ஹோலின் மூன்று வகைகளில் வைத்துப் பார்த்தேன். அந்த அம்மா அந்தத் தந்தைக்காகத்தான் படம் முழுவதும் அழுதிருந்தார். என் குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தை எந்தத் தலைப்பின் கீழும் எழுதாமல் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.