மழை விட்ட பிறகும் வெள்ளம் ஏறுவது ஏன்?

கேள்வி: மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் வயலோரத்தில் குடியிருக்கிறோம். ஐந்து நாள் அடைமழை நேற்று விட்டது, வெயிலும் எறிக்கிறது. ஆனால் முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. மாடுகள் உண்டு, வயதான அம்மாவும் உண்டு. எப்போது வீட்டை விட்டுப் போக வேண்டும்?

பதில்: அம்மாவை இன்று பகலிலேயே மேட்டுப்பக்கம் கொண்டுபோய் விடுங்கள். இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் முற்றத்தில் நிற்பது உங்கள் ஊரில் பெய்த மழை மட்டுமல்ல. மேற்கே காடுகளிலும் மலையடிவாரங்களிலும் பெய்தது உன்னிச்சை போன்ற குளங்களில் சேர்கிறது. குளம் நிறைந்தால் குளக்கட்டைக் காப்பாற்ற, மிகை நீரை வெளியேற்றும் வான் கதவுகளைத் திறந்தே ஆக வேண்டும். அந்த நீர் வயல்வெளிகளைக் கடந்து வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரைக்கு வருவதற்குள் இங்கே வானம் வெளுத்துவிடும். கீழேயோ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி. அது கடலோடு கலக்கும் வாய்கள் பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றுப் பக்கமும்தான். வாவி நிரம்பி, கடலும் கொந்தளித்தால் வயல் நீர் வடிய வழியில்லை.

ஆகவே வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வான் கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது என்று கிராம உத்தியோகத்தரிடமோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ கேளுங்கள். நீர் விளிம்பில் ஒரு தடியை நட்டு மணிக்கொரு முறை அடையாளமிடுங்கள். இரண்டாவது மணியில் முதலாவதைவிடக் கூடுதலாக ஏறினால் எல்லோரும் உடனே புறப்பட வேண்டும். மாடுகளை அதற்கு முன்பே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டிய மாடுதான் முதலில் சாகிறது.

நீர் பாயும் வீதியை உழவு இயந்திரத்தில் கடக்கலாம் என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை நம்மால் மறக்க முடியுமா?

வடிந்ததும் அவசரப்பட்டுத் திரும்பவும் வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளத்தின் பின் பெப்ரவரியில் மீண்டும் வெள்ளம் வந்தது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் குளத்துக்குச் சிறு மழையும் போதும்.

வெள்ளம் மூடிய கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இட்ட பிறகே பாவியுங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வையுங்கள். சேற்றில் நடந்தவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.