கேளுங்க, சொல்லுதேன்: ஆபீஸ்ல ஆடச் சொன்னா ஆடணுமா?

போன இதழ்ல, ஆட்டத்துலயும் உடம்பு அசைவுலயும் இருந்து ஒரு டீம நடத்தக் கத்துக்கிடலாம்னு போற போக்குல நாலு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், கேள்வியா குவிஞ்சிட்டு. எல்லாத்துக்கும் இடம் இல்ல, சிலத மட்டும் எடுத்துருக்கேன்.

அக்கா, நான் ஒரு கம்பெனில ஷிப்ட் லீடர். கீழ 14 பேரு. லீடருங்களுக்கு டான்ஸ் ஒர்க்‌ஷாப்னு ஹெச்.ஆர். ஒண்ணு போடுதாங்க, கட்டாயம் வரணுமாம். பயலுவ இப்பவே கேலி பண்ணுதானுவ. இதுல உருப்படியா ஏதாவது இருக்கா, இல்ல சும்மா பவுசா?
வாசகர், கங்கைகொண்டான்

தம்பி, பவுசும் உண்டு சரக்கும் உண்டு. பாட்டப் போட்டு அரைமணி நேரம் குதிக்க வச்சு குரூப் போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்கன்னா அது பவுசு, வடை காப்பிய முடிச்சிட்டு வந்துருங்க. நீங்க எங்கன நிக்கீங்க, எந்த நேரத்துல சொல்லுதீங்க, உங்க உடம்பப் பாத்து ஆளுங்க என்ன முடிவுக்கு வாராங்கன்னு காட்டிக் குடுத்தாங்கன்னா விட்டுராதீங்க.

இது ஒண்ணும் நேத்து முளைச்ச சங்கதியும் கிடையாது. ருடால்ஃப் லாபான்னு ஒரு டான்ஸ் மாஸ்டரு, 1879ல பிறந்தவரு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல இங்கிலாந்துல ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போயிட்டதால பேக்டரில பொம்பளைங்க கனமான டயரத் தூக்க வேண்டியதாப் போச்சு, அப்ப லாரன்ஸ்னு மான்செஸ்டர் மேனேஜ்மென்ட் ஆலோசகர் ஒருத்தரோட சேந்து இவரு பேக்டரி பேக்டரியாப் போயி வேலை செய்றவங்க அசைவ உக்காந்து பாத்தாரு. கையால இழுத்துப் பிடிச்சுத் தூக்காம முழு உடம்பையும் ஒரு வீச்சா வீசி அந்த வேகத்துலயே தூக்கச் சொல்லிக் குடுத்தாரு. அதுக்கு முன்னாடி ஃபிரெடரிக் டெய்லர்னு ஒரு அமெரிக்க எஞ்சினியரு காலத்துல இருந்து ஸ்டாப்வாட்ச்ச வச்சு எத்தனை செகண்டுன்னு அளந்துட்டு இருந்தாங்க, இவரு அழுத்தம், திசை, நேரம், ஓட்டம்னு நாலு விதமாப் பாத்தாரு. 1947ல ரெண்டு பேரும் சேந்து புத்தகமாவும் போட்டாங்க. லாபானோட சிஷ்யரு வாரன் லாம்ப் அதையே மேனேஜருங்க பக்கம் திருப்பி, ஒருத்தரு முடிவெடுக்கையில உடம்பு எப்படிப் போவுதுன்னு பாக்க ஆரம்பிச்சாரு.

உங்க சோலிக்கு வருவோம். ஷிப்ட் மாறுற நேரத்துல உங்களையே ஒரு நாள் கவனிங்க. ஒரு கைல போனு, உடம்பு பாதி ஆபீஸ் கதவு பக்கம் திரும்பிருக்கு, மெஷின் சத்தத்துக்கு மேல "நேத்து ரிஜெக்‌ஷன் ஜாஸ்தி, பாத்துப் பண்ணுங்கப்பா"ன்னு ஒரு கத்து. கேக்கவன் என்ன நினைப்பான்? இவரே கிளம்பிட்டாரு, நமக்கென்னன்னுதான். அதே வார்த்தைய மெஷின் ஓடாத இடமாப் பாத்து, போனப் பையில போட்டுட்டு, ரெண்டு காலும் தரையில ஊணி, வட்டத்துல ஒரு ஆளா நின்னு சொல்லிப் பாருங்க. சொல்லி முடிச்சதும் ஓடாதீங்க, ஒரு மூச்சு விடுற நேரம் சும்மா நில்லுங்க. கேள்வி கேக்க நினைக்கவன் அப்பதான் வாயத் திறப்பான்.

நம்ம ஊர் ஆளுக்கு இதுக்கு ஒர்க்‌ஷாப்பே வேண்டாம், சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனா போதும். கணியான் கூத்துல அண்ணாவிதான் தலைவரு, கதை முழுக்க அவரு தலையிலதான் இருக்கு, ஆனா அவரு கையில மகுடம், அதான் அந்தக் கூத்துக்கு அடிக்கிற தோல் கொட்டு, கிடையாது. உச்ச சத்த மகுடத்த ஒருத்தரு, மந்த சத்த மகுடத்த ஒருத்தரு அடிக்காங்க, பொம்பளை வேஷம் கட்டின ரெண்டு பேரு ஆடுதாங்க, அண்ணாவி விட்ட இடத்துல பின்பாட்டுக்காரரு எடுக்காரு. எல்லாத்தையும் தானே செஞ்சா ராத்திரி முழுக்கத் தாக்குப் பிடிக்க முடியுமா? நீங்க 14 பேரு சோலியையும் இழுத்துப் போட்டுச் செய்ற ரகம்னு உங்க கடுதாசியிலயே தெரியுது. விட்ட இடத்துல எடுக்க யாரு இருக்கான்னு முதல்ல பாருங்க. (மகுடத்தத் தீயில காய வச்சு தோல இறுக்கிட்டுதான் அடிக்கவே ஆரம்பிப்பாங்க. காலையில வந்ததும் வராததுமா டார்கெட்ட அள்ளிக் கொட்டுற லீடருங்க எல்லாரும் இதப் பாக்கணும்.)

மகளிர் குழு தலைவியா இருக்கேன் அக்கா. கூட்டம் போட்டா நானும் இன்னொருத்தியும்தான் பேசுதோம், மத்தவங்க "சரிக்கா, சரிக்கா"ன்னு தலைய ஆட்டிட்டுப் போயிருதாவ. அப்புறம் தெருவுல நின்னு குறை சொல்லுதாவ.
வாசகி, பத்தமடை

வில்லுப்பாட்டுல "ஆமா" போடவாவது ஆள் வச்சுப் பழக்கி வைப்பாங்க, உங்களுக்கு எல்லாருமே ஆமா போடுதாங்க போல! நீங்க நாற்காலி, அவங்க பாயி, அப்படித்தான உக்காருதீங்க? முதல்ல அத மாத்துங்க, எல்லாரும் ஒரே பாயி, வட்டமா. கும்மி அடிக்கையில யாருக்கும் தலைமாடு கால்மாடு கிடையாதுல்லா, ஆனா ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. எடுத்துக் குடுக்குறவள வாரா வாரம் மாத்துங்க.

இன்னொண்ணு செஞ்சு பாருங்க. கடன் பணம் ஆடு வாங்கவா, தையல் மிஷினுக்கான்னு முடிவு எடுக்கணும்னு வைங்க. கையத் தூக்கச் சொல்லாதீங்க, உங்க கையப் பாத்துட்டுதான் தூக்குவாங்க. ஆடுன்னா இந்தச் சுவரு, மிஷின்னா அந்தச் சுவரு, ரெண்டுங்கெட்டானா இருந்தா நடுவுல, எழுந்து போயி நில்லுங்கன்னு சொல்லுங்க, நீங்க கடைசியாப் போங்க. நடுவுல நிக்கவங்கள முதல்ல பேச விடுங்க. பேசப் பேச கால் நகர ஆரம்பிக்கும், இடம் மாறினா யாரும் கிண்டல் பண்ணக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க. முட்டு வலிக்காரங்க உக்காந்துக்கிட்டு கைய நீட்டி பக்கத்தக் காட்டட்டும், அதுக்காக விட்டுராதீங்க.

ஜோடி ஜோடியா கையப் பிடிச்சு கண்ண மூடிட்டு நடங்கன்னு டிரெய்னர் சொன்னாரு. ஆம்பளை சக ஊழியர் கையப் பிடிக்க எனக்கு இஷ்டமில்ல, "டீம் ஸ்பிரிட் இல்ல"ன்னு சொல்லிட்டாங்க.
வாசகி, பாளையங்கோட்டை

இஷ்டமில்லன்னா இல்லதாம்மா, காரணம் எதுவும் சொல்லத் தேவையில்ல. விவரமான டிரெய்னருன்னா தொடாமச் செய்ய ஒரு வழியும், ஓரமா உக்காந்து பாக்க ஒரு வழியும் முதல்லயே சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. சொன்னதுக்கு அப்புறமும் வற்புறுத்தினா, 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல, வேலை இடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொல்லையத் தடுக்குற 2013 சட்டப்படி உள் புகார் குழு இருக்கணும், அங்க எழுதிக் குடுங்க.

டீச்சருங்க தயாரிக்கிற கேள்வித்தாள்ல குறை சொன்னா முகம் தொங்கிருது. சொல்லாம விட்டா பிள்ளைங்க பாடு திண்டாட்டம்.
துறைத் தலைவர், தனியார் பள்ளி, அம்பாசமுத்திரம்

லிஸ் லெர்மன்னு அமெரிக்க நடன அமைப்பாளர் ஒருத்தங்க, ஆட்டத்தப் பாத்துட்டு ஆளாளுக்கு வாய்க்கு வந்ததச் சொல்லுறது பிடிக்காம 1990ல ஒரு முறை கொண்டு வந்தாங்க. முதல்ல பாத்தவங்க தன் மனசுல நின்னதச் சொல்லணும். அடுத்து செஞ்சவரே கேள்வி கேக்கணும். அப்புறம் பாத்தவங்க கேக்கலாம், ஆனா கேள்விக்குள்ள குத்தல் இருக்கக் கூடாது. கடைசியாத்தான் கருத்து, அதுவும் "இதப் பத்தி ஒண்ணு சொல்லட்டா?"ன்னு கேட்டு, சரின்னா மட்டும். மூணாவதுதான் சார் கஷ்டம். "ஏன் இவ்வளவு நீளமா எடுத்திருக்கீங்க?"ங்கிறதுல அடி இருக்கு. "சுமாராப் படிக்கிற பிள்ளைக்கு இத முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நினைச்சீங்க?"ன்னு கேட்டா டீச்சரே பேனாவ எடுத்து ரெண்டு கேள்விய அடிச்சிருவாங்க.

எனக்கு ஆட்டமே வராது. லீடர் ஆக முடியாதா?
வாசகர், தென்காசி

நடராசர் அஞ்சு சபையில ரெண்டு நம்ம பக்கம், நெல்லையப்பர் கோயில்ல தாமிர சபை, குத்தாலத்துல சித்திர சபை. ஆடுறத அவரு பாத்துக்கிடுவாரு, நீங்க சரியா நின்னா போதும்.

எங்க முதலாளி தினம் காலையில எல்லாரையும் ஒண்ணுபோல கைதட்டி கோஷம் போடச் சொல்லுதாரு. ஒத்துமை வரும்ங்கிறாரு. வருமா?
விற்பனைப் பிரிவு, திருநெல்வேலி டவுன்

வரும், அதுலதான் வில்லங்கமும் இருக்கு. ஸ்டான்ஃபோர்டுல வில்டர்முத், ஹீத்னு ரெண்டு பேரு 2009ல வெளியிட்ட ஆய்வுல, ஒண்ணுபோல கால் வச்சு நடந்தவங்க அடுத்து வந்த விளையாட்டுல கூடுதலா ஒத்துழைச்சாங்கன்னு காட்டினாங்க. அதே வில்டர்முத் 2012ல, அப்படிச் சேந்து செஞ்சவங்க அடுத்தவனுக்குத் தொந்தரவு குடுக்கச் சொன்னாலும் சுலபமா தலையாட்டுதாங்கன்னும் காட்டினாரு. ஆனித் தேருக்கு வடம் இழுக்க ஆயிரம் பேரு வந்தாலும் சக்கரத்துக்கிட்ட கட்டை போட்டு நிறுத்துற ஆளு இல்லாம ஒரு அடி நகத்துவாங்களா, யோசிச்சுப் பாருங்க. அதனால கைதட்டுங்க, தப்பில்ல. முதலாளிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: வெள்ளிக்கிழமை மட்டும் முன்னாடி நிக்கிறது எங்கள்ல ஒருத்தரு, நீங்க வரிசையில, சரியா? சரின்னாருன்னா நல்ல மனுசன். முகம் மாறிட்டுன்னா எனக்கு இன்னொரு கடுதாசி போடுங்க, அது வேற மாதிரிக் கேள்வி.