அண்ணன் வருவதற்குள் மூன்று ஆட்டங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே இரண்டு சிடி. ஒன்றில் எங்கள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எழுதி வைத்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும், விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த பின்பால் ஃபோல்டரும். இன்னொன்று ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் மே மாதம் லீவில் வருகிறான். அவன் வரும்போது மூன்றும் ஓட வேண்டும் என்று ஆசை. என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 லேப்டாப். சிடி டிரைவ் இரவல் வாங்கியிருக்கிறேன். பிரின்ஸைத் தட்டினால் ‘இது உங்கள் பிசியில் ஓடாது’ என்கிறது. எம்பயர்ஸ் ‘டைரக்ட்பிளே’ வேண்டும் என்று கேட்டது. பயந்து கேன்சல் செய்துவிட்டேன். லேப்டாப் சர்வீஸ் செய்யும் தம்பி, “இதெல்லாம் இனிமே ஓடாதுண்ணே, புதுசா வந்திருக்கிறத வாங்கிக்கங்க” என்கிறார். உண்மையிலேயே வழியில்லையா?

இன்னொன்று. பிரின்ஸில் 12-ஆவது லெவலில் நம்மைப் போலவே ஒரு நிழல் வாளோடு வரும். அதைக் கொன்றால் நாமும் சாவோம். நானும் அண்ணனும் அதைத் தாண்டியதே இல்லை.

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

மூன்றையும் ஓட வைக்க வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை, அதை இன்று இரவே செய்துவிடுங்கள். இரண்டு சிடிகளையும் நகல் எடுங்கள்.

பளபளக்கும் அடிப்பக்கத்தில்தான் எல்லாம் பதிந்திருக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கத்தையே நாம் பொத்திப் பொத்தி வைக்கிறோம். சிடியில் தகவல் இருப்பது பெயர் எழுதும் மேல்பக்கத்துக்குச் சற்றே கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய முடியும். மேல்பக்கம் உரிந்தால் போனது போனதுதான். வீட்டில் எழுதிய சிடிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் பதிவு இருப்பது ஒரு சாய அடுக்கில். அந்தச் சாயம் வருடங்கள் போகப் போக வெளுக்கும். 2001-இல் நான் எழுதிய ஒரு சிடியின் மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதியிருந்தேன். பல வருடம் கழித்து அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தால், என் கையெழுத்து ஊசித் துளைகளாக ஒளிர்ந்தது. அந்த எழுத்துகளுக்குக் கீழே இருந்த கோப்புகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதில் இருந்தவை வேறு எங்கும் என்னிடம் இல்லை. அதனால்தான் முதலில் நகல் என்கிறேன். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் சிடி முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துத் தரும். விண்டோஸ் 11-இல் அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தாலே சிடி போட்ட மாதிரி திறந்துகொள்ளும்.

பின்பாலுக்கு எதுவுமே செய்ய வேண்டாம். ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தட்டுங்கள், ஓடும். எக்ஸ்பியோடு வந்த அது 32-பிட் நிரல், அதை இன்றைய விண்டோஸ் இன்னமும் ஏற்கிறது. (ப்ராசஸர் ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அளவுதான் இந்த ‘பிட்’ கணக்கு. 16, 32, 64 என்று வளர்ந்து வந்தது.) பிறகு ஏன் எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து அது காணாமல் போனது? மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் இதை எழுதியிருக்கிறார். 64-பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்ததாம். வெளி நிறுவனம் எழுதிய அந்தப் பழைய நிரலில் பிழை எங்கே என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரின்ஸ் கதை வேறு. அது 1990-இல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு வந்த 16-பிட் ஆட்டம். 32-பிட் விண்டோஸுக்குள் டாஸ் நிரல்களுக்கென்று ஒரு தனி அறை இருந்தது. அந்த அறையைத் தாங்கியது ப்ராசஸரில் இருந்த ஒரு வசதி. 64-பிட் முறையில் ப்ராசஸர் வேலை செய்யும்போது அந்த வசதி கிடையாது. விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டுமே வருகிறது. ஆகவே உங்கள் லேப்டாப் ‘ஓடாது’ என்று சொன்னால் ஆட்டத்தில் பழுது என்று அர்த்தமில்லை. அது நின்ற தரையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தத் தரையைத் திரும்பப் போட்டுத் தருவதுதான் டாஸ்பாக்ஸ். பழைய ப்ராசஸர், அந்தக் கால விஜிஏ திரை, ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எல்லாவற்றையும் மென்பொருளாகவே செய்து காட்டி, ‘நீ 1990-இல்தான் இருக்கிறாய்’ என்று ஆட்டத்தை நம்ப வைக்கும். 2002-இலிருந்து தன்னார்வலர்கள் கட்டி வளர்த்துவரும் இலவச மென்பொருள் அது. கல்லூரியில் டர்போ சி-யில் நிரல் எழுதப் படித்திருந்தால் நீங்கள் அதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். நம் ஊர் லேப்களில் நீலத் திரையோடு டர்போ சி புதிய விண்டோஸில் ஓடியதெல்லாம் டாஸ்பாக்ஸின் தயவில்தான்.

பிரின்ஸ் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்குக்கு நகர்த்துங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் இஎக்ஸ்இ கோப்பைப் பிடித்து இழுத்து, டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போடுங்கள். போதும். திரை சிறியதாக இருந்தால் ஆல்ட்டும் என்டரும். அசைவு திக்கினால் கன்ட்ரோலோடு எஃப்12-ஐ ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள், கற்பனை ப்ராசஸரின் வேகம் ஏறும், எஃப்11 குறைக்கும். அந்தக் காலக் கேபினெட்டில் டர்போ பொத்தான் ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? ப்ராசஸரின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய ஆட்டங்கள் புது மெஷினில் தலைதெறிக்க ஓடின. அவற்றுக்காக மெஷினை வேகம் குறைக்கத்தான் அந்தப் பொத்தான். இப்போது அது உங்கள் கீபோர்டில் இருக்கிறது.

எம்பயர்ஸ் 1999-இல் வந்தது, விண்டோஸ் ஆட்டம்தான். டைரக்ட்பிளே என்பது பல பேர் சேர்ந்து ஆடுவதற்கான மைக்ரோசாஃப்டின் பழைய பாகம். பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த முறை சரி என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்களை இயக்கும் பட்டியலில், ‘லெகசி காம்போனென்ட்ஸ்’ என்பதற்குள் இருக்கும்.

அடுத்து நிறம். இந்த ஆட்டம் ஒரே சமயத்தில் 256 நிறங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 256 கிரேயான் உள்ள ஒரே பெட்டியை ஆட்டமும் விண்டோஸ் டெஸ்க்டாப்பும் பங்குபோட்டால் என்ன ஆகும்? விண்டோஸ் 7-இல் அது நடந்தது. புல்வெளி ஊதா, தண்ணீர் சிவப்பு. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரையே நிறுத்திவிட்டு ஆடிய நாட்கள் உண்டு. இன்று சிஎன்சி-டிடிரா என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் கோப்புகளை ஆட்டத்தின் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால், ஆட்டம் படம் வரையச் சொல்லி விண்டோஸிடம் போகாமல் முதலில் இதனிடம் வரும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிடியைத் திறந்தால் 00000001.டிஎம்பி என்ற கோப்பு இருக்கிறதா? இருந்தால் அது, திருட்டு நகலைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்ட சிடி. அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவர் மென்பொருள் கணினிக்குள் பாதுகாப்பு ஓட்டையாகிவிட்டது என்பதால் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலிருந்து அதை மைக்ரோசாஃப்ட் விட்டுவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சிடிதான் இன்று ஓடாமல் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அப்படியானால் நகலும் உதவாது. வீட்டில் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருந்தால், இணைய இணைப்பு இல்லாமல் அதில் ஆடுங்கள். இல்லையென்றால் சர்வீஸ் தம்பி சொன்னதுதான் வழி. 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் நல்ல ஆக்கம், ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் கிடைக்கிறது. ஆனால் நீங்கள் தேடுவது உங்கள் அண்ணனின் விரல்களுக்குப் பழகிய ஆட்டத்தை. அதனால் புதியதை முதல் வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பழைய ஆட்டத்துக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று யாராவது கேட்டால், நகரம் கட்டி ஆடும் சிம்சிட்டி ஆட்டத்தின் கதையைச் சொல்லுங்கள். அதில் ஒரு பிழை இருந்தது: ‘இந்த நினைவகம் எனக்கு வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனே அதையே எடுத்துப் படித்தது. பழைய விண்டோஸில் அது யாருக்கும் தெரியாமல் ஓடியது, விண்டோஸ் 95-இல் சாய்ந்தது. பிழை ஆட்டத்தில்தான். ஆனாலும் வாடிக்கையாளர் வாங்கிய ஆட்டம் ஓட வேண்டும் என்று, சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். இதைப் பதிவு செய்தவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த ஜோயல் ஸ்போல்ஸ்கி. அந்த அக்கறை இன்று டாஸ்பாக்ஸ் எழுதுகிறவர்களிடம் இருக்கிறது. பிரின்ஸை உருவாக்கிய ஜோர்டான் மெக்னரிடமே அதன் மூல நிரல் கைக்கு எட்டாமல் பல வருடம் போயிற்று. 2012-இல் அவருடைய அப்பா அனுப்பிய பெட்டியில் அந்த ஃபிளாப்பிகள் இருந்தன. பழைய டிஸ்குகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் வந்து மீட்டுக் கொடுத்தார்கள். அவர் அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார். உங்கள் பிஸ்கட் டப்பாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

கடைசியாக நிழல். சொல்லலாமா, நீங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடலாமா என்று யோசித்தேன். இத்தனை வருடம் காத்திருந்துவிட்டீர்கள், சொல்கிறேன். நாலாவது லெவலில் ஒரு கண்ணாடியை ஊடுருவிப் பாய்வீர்களே, அப்போது மறுபக்கம் வெளியே போன நிழல்தான் அது. அதன் மேல் விழுகிற ஒவ்வொரு வெட்டும் உங்கள் உயிரிலும் குறையும். எனவே வெட்ட வேண்டாம். கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போடுங்கள். அதுவும் போடும். பிறகு நேரே அதை நோக்கி நடங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் வரும் பள்ளத்தில் பாதை இல்லாதது போலத் தெரியும். நிற்காமல் ஓடச் சொல்லுங்கள் அண்ணனை. கால் வைக்க வைக்கத் தரை வரும்.