பதிவு எண்ணே இல்லாதவருக்குப் புள்ளி எதற்கு?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்து, திருப்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடமாகக் கவுன்சலராக இருக்கிறேன். பனியன் கம்பெனி விடுதிகளில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். எனக்கு இந்தி அரைகுறை. பலதரப்பட்ட பண்பாட்டினருக்கு ஆலோசனை தருவது பற்றி 12 மணி நேர ஆன்லைன் படிப்பு இருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். கட்டணம் ரூ.14,999. ஆர்.சி.ஐ. புள்ளி கிடைக்கும், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒப்புதல் உண்டு, முடித்தால் போர்டில் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்றே போட்டுக்கொள்ளலாம் என்கிறார். ரூ.2,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதியையும் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கட்டிய இரண்டாயிரத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

முதலில் அந்த போர்டு விஷயம், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் குழுமம், பதிவு செய்து தரும் தகுதி. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட படிப்பை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், நோயாளிகளோடு பழகிப் படித்திருக்க வேண்டும். 1992ஆம் வருடச் சட்டப்படி, பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டினால் மாட்டுவது நீங்கள்தான், சான்றிதழ் விற்றவர் அதற்குள் சிம் கார்டை மாற்றியிருப்பார்.

அடுத்தது புள்ளி. பயிற்சிகளில் கலந்துகொண்டு சேர்க்கும் ஆர்.சி.ஐ. புள்ளிகள், ஏற்கெனவே அதன் பதிவேட்டில் எண் வைத்திருப்பவர்கள் பதிவைப் புதுப்பிப்பதற்காக. உங்களுக்கு எண் இல்லை என்றால் புள்ளியை எந்தக் கணக்கில் வரவு வைப்பார்கள்? பாங்கில் கணக்கே இல்லாதவருக்கு வட்டி போடுகிறேன் என்று சொல்வது போலத்தான் இது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பலர் குழப்பிக்கொள்வதும் இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் அலுவலகத்தில் யாராவது ஆர்.சி.ஐ. பதிவு எண் வைத்திருந்தால், அவர் கிளினிக்கல் சைக்காலஜி படித்தவராக இருக்கலாம், மறுவாழ்வு உளவியல் படித்தவராக இருக்கலாம், சிறப்புக் கல்வி ஆசிரியராகக்கூட இருக்கலாம், அவருக்குப் புள்ளி தேவைதான். ஆனால் அவரும் இந்தப் படிப்பில் அப்படியே சேர்ந்துவிடக் கூடாது. நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே குழுமம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நடத்தும் நிறுவனத்தின் பெயர், தேதி, எந்தத் துறையினருக்கானது என்பதெல்லாம் அந்த ஒப்புதலில் இருக்கும். ‘ஒப்புதல் வந்துகொண்டிருக்கிறது மேடம்’ என்றால் வரவில்லை என்று அர்த்தம். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, குழுமத்தின் இணையதளத்திலும் பார்த்த பிறகுதான் பணம். அப்புறம், நீங்கள் நாளைக்கு அங்கீகரிக்கப்பட்ட அந்தப் படிப்பை முடித்து எண் வாங்கினாலும், இன்றைக்கு வாங்கிய புள்ளி பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். எண் முதலில், புள்ளி பிறகு.

அமெரிக்க ஒப்புதல் என்பதும் பாதி உண்மையை வைத்து விற்கிற சரக்கு. அந்தச் சங்கம் தனித்தனிப் படிப்புகளுக்கு ஒப்புதல் தருவதில்லை, தொடர்கல்வி நடத்தும் அமைப்புகளுக்குத் தருகிறது. அந்த மணி நேரக் கணக்கு அங்கே உரிமம் வைத்திருப்பவருக்கு உதவும். கலிஃபோர்னியாவில் உளவியலாளர்கள் இரண்டு வருடத்துக்கு 36 மணி நேரம் காட்ட வேண்டும், அதில் 4 மணி நேரம் பண்பாட்டுப் பன்மை அல்லது சமூக நீதி பற்றியது. இப்படிப்பட்ட தேவைக்காக எழுதிய பாடங்களைத்தான் நம் ஊரில் பெயரை மாற்றி விற்கிறார்கள். கறுப்பின மக்கள், ஸ்பானிஷ் பேசுவோர் பற்றி அவற்றில் நல்ல விஷயங்கள் இருக்கும். விடுதி அறையில் யார் யாரோடு சேர்ந்து சமைக்க மாட்டார்கள், ஏன் மாட்டார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி இருக்காது.

இந்தத் தரகர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உங்களைப் போல உளவியல் படித்து வேலை செய்பவர்களையும் உள்ளடக்கி 2021இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. மாநிலக் குழுமம், பதிவேடு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருந்து என்ன, மூன்று வருடமாக விடுதி விடுதியாக ஏறி இறங்கும் உங்கள் கையில் ஒரு பதிவு எண் இல்லை, அந்த வெற்றிடத்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

சரி, உங்கள் உண்மையான கஷ்டத்துக்கு வருவோம். எதிரில் இருக்கும் பெண் பேசுவது உங்களுக்குப் புரியவில்லை. ஒருமுறை ஒரு மில் விடுதியில் வார்டனையே மொழிபெயர்க்க வைத்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் துப்பட்டா நுனியைச் சுருட்டியபடி இரண்டு நிமிடம் பேசினாள். வார்டன் எனக்குச் சொன்னது, ‘ஊர் ஞாபகம் மேடம், வேற ஒண்ணுமில்ல.’ அடுத்த வாரம் வேறு விடுதியிலிருந்து ஓர் ஒடியாப் பெண்ணை அழைத்துப்போனேன். அப்போதுதான் தெரிந்தது, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் செல்போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்கிறார், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பேச முடியவில்லை. வார்டன், சூப்பர்வைசர், ஆள் கூட்டிவந்த ஏஜென்ட், இந்த மூவரையும் எந்தக் காரணத்துக்காகவும் மொழிபெயர்க்க விடாதீர்கள்.

மொழிபெயர்க்க வருபவரோடு பத்து நிமிடம் முன்னதாகப் பேசுங்கள். சுருக்காமல், திருத்தாமல், ‘நான்’ என்று அவள் சொன்னால் ‘நான்’ என்றே சொல்லச் சொல்லுங்கள். மூன்று நாற்காலியை முக்கோணமாகப் போட்டு, உங்கள் பார்வை அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம். பீகார் பெண் ‘கப்ராஹட்’ என்றால் உடனே ‘பயம்’ என்று குறித்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறுவது போன்ற உணர்வு, நிலைகொள்ளாமை எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்கும், உடம்பில் எங்கே என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.

மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வந்த டிஎஸ்எம்-5உடன் பண்பாட்டுப் பின்னணியைக் கேட்டறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று உண்டு, இணையத்தில் இலவசம். உன் வீட்டாரிடம் இந்தப் பிரச்சினையை எப்படிச் சொல்வாய், எதனால் வந்தது என்று நீ நினைக்கிறாய் என்ற தினுசில் போகும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள் ஒடியா, இந்தி, வங்காளம், தமிழ் எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் ‘ஸ்டடி கிட்’ என்று காசுக்கு விற்பார்கள், வாங்காதீர்கள்.

படிக்கத்தான் வேண்டும் என்றால், யார் சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள். மும்பையின் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் நடத்தும் பால்புதுமையினருக்கான (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கான) ஆலோசனைப் பயிற்சியை நான் மதிப்பதற்குக் காரணம், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஆலோசகர்களே அதில் பாடம் எடுக்கிறார்கள். உங்களுக்கு அதைவிட அவசரமானது சூப்பர்விஷன். கோவையிலோ சென்னையிலோ அனுபவமுள்ள ஒருவரைப் பிடித்து, மாதம் இரண்டு மணி நேரம், பெயர் சொல்லாமல் உங்கள் கேஸ்களை வைத்துப் பேசுங்கள். மிச்சமிருக்கும் ரூ.12,999 அதற்குப் போகட்டும். கூடவே விடுதியிலேயே ஒரு பெண்ணிடம் ஒடியா கற்றுக்கொள்ளுங்கள், ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ வரைக்கும் வந்தாலே அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

முன்பணத்தைப் போனில் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். போர்டு பற்றி அவர் அனுப்பிய செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.