பாய்மரம் சாய்கிறது, நூல் தொய்கிறது: மாதிரிக் கப்பலுக்குக் கயிறு கட்டுவது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் இரண்டு பாய்மரம் கொண்ட ‘பிரிக்’ வகைக் கப்பலின் மரக் கிட் ஒன்றை (1:64 அளவு) வாங்கி, எட்டு மாதத்தில் உடலையும் தளத்தையும் முடித்துவிட்டேன். முன் பாய்மரத்தை நிறுத்தி, மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரௌட் கயிறுகளில் இடப்பக்கத்து நான்கையும் இறுக்கிக் கட்டினேன். மரம் இடப்பக்கமே சாய்ந்துவிட்டது. கிட்டில் வந்த நூல் பஞ்சு பஞ்சாக இருக்கிறது, தையல் கடை நூலோ பளபளக்கிறது. வரைபடத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? எதில் தொடங்குவது? பாய் வைக்கலாமா?

பதில்: பிரிக்க வேண்டாம். ஷ்ரௌட்டின் கீழ்முனையில் மூன்று துளை உள்ள வட்டக் கட்டை ஒன்று, அதற்கு நேர் கீழே கப்பலின் பக்கவாட்டில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக ஓடும் மெல்லிய நூல். அந்த நூலுக்கு லான்யார்ட் என்று பெயர். அதை மட்டும் வெட்டிவிடுங்கள். ஷ்ரௌட் அப்படியே இருக்கட்டும். நான்கு லான்யார்டை வெட்டியதும் மரம் தானாகவே நிமிர்ந்துவிடும்.

டெட்ஐ எனப்படும் அந்தக் கட்டைகள் நிஜக் கப்பலில் இருந்ததும் இதற்காகத்தான். நார்க்கயிறு காற்றின் இழுப்பில் நாளடைவில் நீண்டு தொய்ந்துவிடும். அப்போது ஷ்ரௌட்டை மேலிருந்து அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. லான்யார்டை இழுத்து இறுக்கிவிட்டால் போதும். நீங்கள் இப்போது செய்யப்போவதும் ஒரு மாலுமி செய்த வேலையேதான்.

வரைபடம் மலைப்பூட்டக் காரணம் எல்லாக் கயிறுகளும் ஒரே மாதிரி கோடாக வரையப்பட்டிருப்பதுதான். ‘இந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது?’ என்று ஒவ்வொரு கோட்டையும் கேளுங்கள். கோடுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். ஒன்று நிலைக்கயிறு. கல்யாணப் பந்தலுக்கு நட்ட கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிறோமே, அந்த வேலை. பக்கவாட்டில் இழுப்பது ஷ்ரௌட், முன்பக்கம் இழுப்பது ஸ்டே. கட்டினால் கட்டியதுதான், நகராது. மற்றது ஓடுகயிறு. பாயையும், பாய் தொங்கும் குறுக்குமரத்தையும் ஏற்ற, இறக்க, திருப்ப உதவுவது. இது கப்பிகளின் வழியே ஓடித் தளத்தில் உள்ள முளைகளில் வந்து முடியும்.

நிறமும் இந்த வேலையிலிருந்து வருவதே. நிலைக்கயிறு வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்பதால் தாரில் ஊறவைப்பார்கள். அதனால் மாதிரியில் அது அடர்பழுப்பு அல்லது கறுப்பு. ஓடுகயிறு கப்பியில் வழுக்கி ஓட வேண்டும், கையில் பிடிக்க வேண்டும். அது காய்ந்த நாரின் வெளிர்பழுப்பு. கிட்டில் வந்த நூல் தூய வெள்ளையாக இருந்தால் பயன்படுத்தாதீர்கள். கப்பல் முழுதும் அழகாக வந்திருந்தாலும் வெள்ளை நூல் ஒன்றே அதைப் பொம்மையாக்கிவிடும்.

பறுவான், ஆஞ்சான், தாமான் என்ற பெயர்களை உங்கள் வரைபடத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பறுவான் என்பது குறுக்குமரம், ஆஞ்சான் என்பது ஏற்றும் கயிறு, தாமான் என்பது பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் கயிறு. நம் தோணிகளில் புழங்கிய பெயர்கள் இவை. ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இவை எனக்குச் சீக்கிரம் மனதில் தங்கின.

இனி நூல். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களின் கப்பல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய கப்பல்களில் கயிற்றின் அளவைச் சுற்றளவில் சொல்வது வழக்கம். விட்டம் என்று நினைத்து வாங்கினால் மூன்று மடங்கு தடித்துப்போகும். 5 அங்குலக் கயிறு என்றால் சுற்றளவு 127 மி.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 40 மி.மீ. உங்கள் 1:64-க்கு மறுபடி வகுத்தால் 0.63 மி.மீ. உங்கள் கப்பலின் கீழ் ஷ்ரௌட்டுக்கு இந்த அளவு பொருந்தும். இரண்டரை அங்குல ஓடுகயிறு 0.3 மி.மீ.தான் வரும். ஏணிப்படி போலக் குறுக்கே கட்டும் ராட்லைன் 0.2 மி.மீ. இருந்தால் போதும். முன்னோக்கி இழுக்கும் பிரதான ஸ்டேதான் எல்லாவற்றிலும் தடிமன். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கப்பல்களில் அதன் சுற்றளவு பிரதானப் பாய்மரத்தின் (பிரிக்கில் அது பின் பாய்மரம்) விட்டத்தில் பாதி என்பது பொது விதி. பாய்மரம் உங்கள் கையிலேயே இருக்கிறது, அளந்துகொள்ளலாம். மாதிரியில் மரம் 8 மி.மீ. என்றால் ஸ்டேயின் சுற்றளவு 4, விட்டம் 1.3 மி.மீ.

கடை நூலின் தடிமனை அறிய கருவி வேண்டாம். பென்சிலில் 20 சுற்று நெருக்கமாகச் சுற்றி, அகலத்தை ஸ்கேலால் அளந்து 20-ஆல் வகுத்தால் போதும். 10 மி.மீ. வந்தால் நூல் அரை மி.மீ.

தையல் கடையில் கேட்க வேண்டியது பாலியஸ்டர் நூல். அதன் பளபளப்பு மூன்று நூலைச் சேர்த்து முறுக்கியதும் பெருமளவு அடங்கிவிடும். மூன்று இழையையும் ஒரே திசையில் நன்றாக முறுக்குங்கள். பிறகு மூன்றின் முனையையும் சேர்த்துக் கட்டி எதிர்த்திசையில் முறுக்கினால் முப்புரிக் கயிறு. கிராமத்தில் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறை. கைத்துரப்பணத்தின் வாயில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டால் வேலை சுலபம். நீளத்தில் கால் பங்கு வரை சுருங்கும் என்பதால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். புரி தெரியும் கயிறு கப்பலில் ஏறியதும் வரும் மாற்றத்தை முதல் தடவை பார்க்கும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

தூண்டில் நரம்பு வேண்டாம். நைலான் இழுபடும், முடிச்சு நிற்காது. தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது, பட்டு நூலால் கட்டினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் பட்டு வெளிச்சம் பட்டுப் பட்டு இற்றுப்போகும், பளபளப்பும் அதிகம். கிட்டில் வந்த பருத்தி நூலை முழுதும் ஒதுக்க வேண்டாம். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, விரலால் வேகமாகத் தேய்த்தால் அந்தச் சூட்டில் மெழுகு இளகிப் பஞ்சு படிந்துவிடும். சித்தேரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைத்தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கேட்டுப் பாருங்கள். வடிகட்டி வாங்குங்கள், தேன் பிசுபிசுப்பு இருந்தால் தூசி ஒட்டும். மெழுகு அதிகமானால் பசை பிடிக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தியில் இன்னொரு சிக்கல் உண்டு. என் முதல் கப்பலைச் சித்திரை வெயிலில் தர்மபுரியில் கட்டினேன். கயிறுகளை வீணை நரம்பு மாதிரி இறுக்கிவைத்துப் பெருமைப்பட்டேன். ஐப்பசி மழை வந்தது. முறுக்கிய பருத்தி ஈரத்தில் புடைத்து நீளத்தில் சுருங்கும். மேல் பாய்மரம் மூன்று நாளில் வில்லாக வளைந்துவிட்டது. அதிலிருந்து நிலைக்கயிறு எல்லாம் பாலியஸ்டர்தான். கயிறு நேராக இருந்தால் போதும், விறைப்பாக இருக்க வேண்டியதில்லை. மரத்தின் நுனியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள், இம்மியளவு வளைந்திருந்தாலும் தளர்த்திவிடுங்கள்.

உங்கள் பின் பாய்மரத்தை இன்னும் நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் நல்லது, நிறுத்தாதீர்கள். பாய்மரத்திலும் பறுவானிலும் தொங்க வேண்டிய கப்பிகள் அனைத்தையும் மேசையில் வைத்தே கட்டிவிடுங்கள். தளத்தில் மரத்தின் அடியில் வரும் வளையங்களும் இப்போதே. கயிறு காட்டுக்குள் இடுக்கியை விட்டுக் கப்பி கட்டுவது நரக வேதனை. கப்பித் துளைகளை 0.5 மி.மீ. துரப்பணத்தால் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். நூல் முனையில் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்துக் காய்ந்ததும் சரிவாக நறுக்கினால் முனையே ஊசியாகிவிடும். சூப்பர் க்ளூவுக்கு என் மேசையில் அந்த ஒரு வேலைதான். முடிச்சுகளுக்கு நீரில் கரைத்த ஃபெவிகால் போடுங்கள். தவறினால் ஈரத்தூரிகையால் இளக்கிப் பிரிக்கலாம். சூப்பர் க்ளூ வெள்ளையாகப் பூக்கும், பிரிக்கவும் முடியாது.

கட்டும் வரிசையை இழுப்பின் போக்கே சொல்லிவிடும். முன் பாய்மரத்தின் ஸ்டே போய்ப் பிடிப்பது மூக்கு மாதிரி முன்னால் நீட்டியிருக்கும் போஸ்பிரிட்டை. ஸ்டே அதை மேலே தூக்கப் பார்க்கும். அதைக் கீழே பிடித்துவைப்பது போஸ்பிரிட்டின் அடியில் ஓடும் பாப்ஸ்டே. ஆகவே பாப்ஸ்டேதான் முதல். அதன் பிறகு இரண்டு மரத்தின் கீழ் ஷ்ரௌட்கள், அவற்றின் மேல் ஏறி உட்காரும் ஸ்டேக்கள், பிறகு மேல் பாய்மரங்களின் கயிறுகள்.

ஷ்ரௌட் ஒவ்வொன்றும் தனிக்கயிறு கிடையாது. ஒரே கயிற்றை நடுவில் மடித்து மரத்தின் தலையில் மாட்டினால் இரண்டு காலும் ஒரே பக்கம் இறங்கும். வலப்பக்கம் முதல் ஜோடி, இடப்பக்கம் முதல் ஜோடி, மறுபடி வலம், மறுபடி இடம். பந்தல் போடுபவர் ஒரு பக்கக் கயிற்றை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போவதில்லை அல்லவா? முன் மரத்தில் இடப்பக்கம் இரண்டு ஜோடியும் ஏற்கெனவே ஏறிவிட்டன. அடுக்கு முறை மாறியிருக்கும். 1:64-இல் அது கண்ணுக்கு உறுத்தாது, விட்டுவிடுங்கள். பின் மரத்தில் முறையாகச் செய்தால் சரி.

டெட்ஐகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க, கெட்டிக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, மேல் கட்டையின் துளையில் ஒரு காலும் கீழ்க் கட்டையின் துளையில் ஒரு காலும் செருகுங்கள். இடைவெளி மாறாது. ஷ்ரௌட்டை மேல் கட்டையைச் சுற்றி வளைத்து, மெல்லிய நூலால் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல ஒன்றையொன்று ஒட்டி ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். லான்யார்டைக் கோர்த்ததும் உடனே முடிச்சுப் போடாதீர்கள். துணி கிளிப் ஒன்றைத் தொங்கவிட்டால் அந்த எடையே சீராக இழுக்கும். எல்லா லான்யார்டும் கோர்த்தான பிறகு, மரத்தின் தலையிலிருந்து இரு பக்க விளிம்புக்கும் ஒரே நூலால் அளந்து பாருங்கள். இரண்டு நீளமும் ஒன்றாக வந்தால் மரம் நேர். பின்னோக்கிய சாய்வுக்கு வரைபடத்தின் கோணத்தை அட்டையில் வெட்டி மரத்தின் பின்னால் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பசை.

அப்புறம் ராட்லைன். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் நான் மிகவும் விரும்பிச் செய்வது இதைத்தான். படிகளின் இடைவெளி நிஜத்தில் சுமார் 13 அங்குலம், உங்களுக்கு 5 மி.மீ. ஒரு அட்டையில் 5 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு ஷ்ரௌட்களின் பின்னால் செருகுங்கள். முடிச்சு க்ளோவ் ஹிட்ச்: கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டுக்கும் மேலே குறுக்காக ஓடும் நூலுக்கு அடியில் முனையைச் செருகி இழுப்பது. சற்று அழுத்தி இழுத்தாலும் ஓர ஷ்ரௌட்கள் உள்ளே வளைந்து உடுக்கை மாதிரி ஆகிவிடும். அதனால் ஐந்து படிக்கு ஒன்று வீதம் முதலில் கட்டி வடிவத்தை நிலைநிறுத்திவிட்டு, இடைப்பட்டவற்றை நிரப்புங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். கண் சோர்ந்தால் விரல் தானாக இறுக்கும்.

ஓடுகயிற்றில் உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்று போங்கள். மரத்தை ஒட்டி இறங்கும் ஆஞ்சான்கள் முதலில், பறுவானின் இரு முனையையும் தாங்கும் லிஃப்ட்கள் அடுத்து, பறுவானைத் திருப்பும் பிரேஸ்கள் கடைசியில். பிரேஸ்கள் தளத்துக்கு மேலே குறுக்கே ஓடுபவை, முன்னதாகக் கட்டினால் கை நுழையாது. முளையில் கயிற்றை எட்டு வடிவில் சுற்றி ஒட்டி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். தொங்கும் சுருளைத் தனியாக, தெர்மோகோலில் குத்திய இரண்டு குண்டூசியில் சுற்றி, கரைத்த ஃபெவிகால் தடவிக் காயவைத்து முளையில் மாட்டுவது எளிது. சுருள் எடையோடு தொங்குவதாகத் தெரிய வேண்டும், பக்கவாட்டில் விறைத்து நிற்கக் கூடாது.

பாய் வேண்டுமா என்று கேட்டீர்கள். முதல் கப்பலுக்கு வேண்டாம் என்பேன். துணியின் நெசவு 1:64-இல் சாக்கு மாதிரி தெரியும், அருமையாகக் கட்டிய கயிறுகளையும் மறைத்துவிடும். பாய் இல்லையென்றால் அதை மட்டும் சுருட்டும் சிறு கயிறுகளையும் இப்போதைக்கு விடலாம், வேலை பாதியாகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாய் விரிக்காத கப்பலில் அடிப்பறுவான் அதன் இடத்திலேயே நிற்கும், மேல் பறுவான்களை இறக்கிவைப்பார்கள். இறக்கிய நிலையில் எடையை லிஃப்ட்கள் தாங்குவதால் அவை நேராக இருக்கும். பாய் இல்லாமல் பறுவான்களை உச்சியில் நிறுத்திய மாதிரிகள் ஏராளம், பல கிட் வரைபடங்களே அப்படித்தான் காட்டுகின்றன. உங்களுடையதிலும் அப்படி இருந்தால் மேல் பறுவான்களை அவற்றின் மரத்தின் அடிவரை இறக்கிக் கட்டுங்கள்.

உயிருள்ள கப்பலைப் பார்க்க நம் பக்கத்தில் வழியில்லை. ஒகேனக்கல் பரிசலில் பாய்மரம் கிடையாது. கடற்படையின் ஐ.என்.எஸ். தரங்கிணி 1997-இல் பணியில் சேர்ந்த மூன்று பாய்மரக் கப்பல். அதன் படங்களைப் பெரிதாக்கி, ஒரு பிரேஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். நவீனக் கப்பல் என்பதால் கயிற்றின் பொருளுக்கும் நிறத்துக்கும் அதைப் பின்பற்ற வேண்டாம், போக்குக்கு மட்டும்.

இந்த வாரம் நான்கு லான்யார்டையும் வெட்டி, வலப்பக்கத்து இரண்டு ஜோடியை மாட்டுங்கள். பாப்ஸ்டே கட்டியாகிவிட்டதா என்று அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.