சோபாவில் சொக்கும் கண், கட்டிலில் விழித்துக்கொள்வது ஏன்?

கேள்வி: நான் 46 வயதுப் பெண். டிவி பார்க்கும்போது சோபாவிலேயே கண் சொருகுகிறது. எழுந்து போய்ப் படுத்தால் தூக்கம் போன இடம் தெரியவில்லை, ஒரு மணி, இரண்டு மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். அந்த அசதியில் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் காபி குடித்தால்தான் ஓடுகிறது. தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: மாத்திரையை அப்புறம் பார்க்கலாம், காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது சேரச் சேரத்தான் கண்ணைச் சுழற்றும். மத்தியானத் தூக்கத்தில் அதில் ஒரு பங்கு கரைந்துபோகிறது, மிச்சம் இருப்பதிலும் கொஞ்சத்தை சோபாவில் போடும் குட்டித் தூக்கம் குறைத்துவிடுகிறது. காபியில் உள்ள கஃபீனோ அடினோசினை வேலை செய்யவிடாமல் வழிமறிக்கும். அது உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஆறு மணிக் காபி பதினொரு மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது.

ராத்திரி கெட்ட தூக்கத்தைப் பகலில் ஈடுகட்டப் போய் அடுத்த ராத்திரியும் கெடுகிறது. இதற்கு மேல் இன்னொன்று: பல நாள் விழித்தே கிடந்ததால், கட்டில் என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். மணி பார்ப்பது, 'இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு' என்று கணக்குப் போடுவது எல்லாம் அதற்குத் தீனி.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும், ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தாலும், ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு காபி வேண்டாம். கண் சொருகும்போது சோபாவில் அல்ல, கட்டிலில் இருங்கள். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது படியுங்கள் (செல்போன் கணக்கில் வராது!), தூக்கம் வந்ததும் திரும்பிப் போங்கள். முதல் ஒரு வாரம் பகலில் இன்னும் அசதியாகத்தான் இருக்கும், அந்த அசதிதான் ராத்திரி உதவப்போகிறது. ஆனால் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதீர்கள்.

உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து உடல் சூடு, வியர்வையும் ராத்திரியில் எழுப்பிவிடும். தைராய்டு, கால் குடைச்சலை உண்டாக்கும் இரும்புச்சத்துக் குறைவு, சாப்பிடும் மாத்திரைகள் என வேறு காரணங்களும் உண்டு. வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படியே மூன்று மாதம் நீடித்தால், அல்லது மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், டாக்டரைப் பாருங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் சொல்லப்படுவதே தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும், மாத்திரை இல்லாத சிபிடி-ஐ (CBT-I) என்ற பயிற்சிதான்.

கேள்வி: என் கணவர் 'கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருது' என்கிறார். ஆனால் மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறார், குறட்டை வேறு.

பதில்: மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். மூன்று மணி விழிப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். எனக்குக் குறட்டைதான் அதிகக் கவலை. நடுவில் சில நொடி மூச்சு நின்று, திணறிக்கொண்டு மறுபடி இழுக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் அது ஸ்லீப் ஆப்னியா என்ற, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறாக இருக்கலாம், மது அதை மோசமாக்கும். அவருக்கே இது தெரியாது என்பதால் டாக்டரிடம் நீங்களும் கூடப் போய்ப் பார்த்ததைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து எடுத்துப் போங்கள்.